ஆறு பேர் வரை

சம்பந்தி நாணுவின் தொலைபேசி வந்தபோது பாமா ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு உப்பு டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் பேசுவது அவள் வழக்கம். அதனால் நாணு சொன்னது கூடத்தில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த பத்ரிநாத்தின் காதிலும், உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்த அவர் மகன் ஷ்ரேயாஸின் காதிலும் ஒருசேர விழுந்தது.

“ஒண்ணும் அவசரமில்லை, மாமி,” என்று ஆரம்பித்தார் நாணு. அவர் அப்படி ஆரம்பித்தாலே அவசரம் என்று அர்த்தம். “அப்பார்ட்மெண்ட் கணக்கு போடலாம்னு கம்ப்யூட்டரைத் தொறந்தேன். பத்ரிநாத்தோட ஃபேமிலியில நீங்க இப்ப இல்லைன்னு ஒரு மஞ்சப் பட்டை வந்து நிக்கறது. எதையும் எழுத விடமாட்டேங்கறது. எனக்குத்தான் தப்பா வர்றதாக்கும்னு நெனச்சேன். பாத்தா அனன்யாவோட லேப்டாப்லயும் அதேதான். அவ வாயைத் தொறக்கலை. நான்தான் மனசு கேக்காம, ஒரு வார்த்தை கேட்டுண்டுடலாமேன்னு...”

“அய்யய்யோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இருக்காது. இவர்கிட்ட கேட்டுச் சொல்றேன். அனன்யா சாப்ட்டாளா?”

“சாப்ட்டா,” என்றார் நாணு. உடனே போனை வைத்துவிட்டார்.

கடுகு கருகிய வாசனையோடு பாமா கூடத்துக்கு வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

“கேட்டேளா?”

“கேட்டது.”

“என்ன பண்ணினேள்?”

“நான் ஒண்ணும் பண்ணலை.”

“அதைத்தான் கேக்கறேன். ஒண்ணும் பண்ணாம இருந்துட்டேளா?”

பத்ரிநாத் செய்தித்தாளை நான்காக மடித்து மேஜையின் விளிம்புக்குச் சமமாக வைத்தார். மாநில அரசின் தலைமைச் செயலகத்தில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மல்லேஸ்வரத்தில் அவர் நடந்து போனால் மார்கோசா ரோட்டுப் பூக்காரி கூட ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்துவாள். அந்த மரியாதையை அவர் யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை; நிமிர்ந்து நடந்து வாங்கியிருந்தார். கடன் வைக்காமல், கை நீட்டாமல், வீட்டுப் பேச்சை வாசல் தாண்ட விடாமல் இத்தனை வருஷம் ஓட்டியதன் பலன் அது என்று அவர் மனமார நம்பினார். அப்படிப்பட்டவர் தன் வீட்டு மருமகளையும் அவளைப் பெற்றவரையும் குடும்பத்திலிருந்து நீக்கிவிட்டதாக ஓர் இயந்திரம் ஜெயநகரில் போய் அறிவித்திருக்கிறது.

அந்த மஞ்சள் பட்டைக்குக் காரணமான ஆபீஸ் மென்பொருள் சந்தா ஜெயநகர் வரை போன கதையே தனி. ஷ்ரேயாஸுக்குக் கல்யாணமாகி வந்த தலை தீபாவளிக்கு எல்லோரும் ஜெயநகர் போயிருந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது நாணு, அப்பார்ட்மெண்ட் சங்கத்துக்குப் பொருளாளராகப் போட்டுவிட்டார்கள், எக்ஸெல் இல்லாமல் கணக்கு எழுதுவது பெரும்பாடாக இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். பிள்ளையைப் பெற்றவர்கள் வாங்கிக்கொண்டே இருப்பதுதான் ஊர் வழக்கம். கொடுத்த பிள்ளைவீட்டார் என்று பெயர் வாங்க வேண்டும் என்பது பத்ரிநாத்தின் வெகுநாள் ஆசை. “எங்காத்துல ஃபேமிலி பிளான் இருக்கு, நாணு சார். ஆறு பேர் வரைக்கும் சேர்த்துக்கலாம். நீங்க என்ன வேத்து மனுஷாளா?” என்று அங்கேயே அறிவித்து, ஷ்ரேயாஸை விட்டு அப்போதே சேர்க்கச் சொன்னார். நாணு எழுந்து நின்று கை கூப்பினார். அதிலிருந்து குடும்பத் தலைவர் என்று பத்ரிநாத்தின் பெயர், கீழே பாமா, ஷ்ரேயாஸ், அனன்யா, நாணு. ஆறாவது இடம் யாருக்கு என்று கேட்டால், “பால்காரனைச் சேர்த்துடுங்கோ, அவனும் கணக்கு எழுதறான்,” என்பாள் பாமா.

புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல்கள் வராமல் இல்லை. வந்தன, ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆனால் அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பதில் எழுத வேண்டாம்’ என்று இருந்தது. பெயரும் கையெழுத்தும் இல்லாத மனுவின் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பது பத்ரிநாத் உத்தியோக காலம் முழுவதும் கடைப்பிடித்த விதி. அந்த விதியால் எத்தனையோ நல்ல மனிதர்கள் மொட்டைக் கடிதங்களிலிருந்து தப்பியிருக்கிறார்கள். தன் பெயரைக்கூடச் சொல்லாமல், பதிலும் எழுதாதே என்பவனுக்கு என்ன மரியாதை என்று அவர் அவற்றைப் படித்து, ஓர் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியையும், தன் கையெழுத்து இல்லாமல் தன் கணக்கில் யாரும் கைவைக்கக் கூடாது என்று அவரே நிறுத்தி வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்து கெடு தாண்டிப் போய்விட்டது.

இதையெல்லாம் நாணுவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? மருமகள் பெட்டியோடு பிறந்தகம் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அவள் பெயரைக் குடும்பத்திலிருந்து எடுத்தாயிற்று. ஜெயநகரிலிருந்து பார்த்தால் இது வேறெப்படித் தெரியும்?

உள்ளறைக் கதவு திறந்தது. ஷ்ரேயாஸ் வந்து நின்றான். சனிக்கிழமையானாலும் இஸ்திரி போட்ட சட்டை, மழித்த முகம். அது பத்ரிநாத்தின் உத்தரவு. வேலை போன மறுநாளே போட்ட உத்தரவு.

ரிங் ரோட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த அவன் கம்பெனி, ஒரு முற்பகலில் வீடியோ கூட்டம் போட்டு அவனையும் அவனைப் போன்ற பலரையும் அனுப்பிவிட்டது. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் நடந்தது அது. இப்போது மழைக்காலமும் முடிந்துவிட்டது. அன்றைக்குப் பத்ரிநாத் வீட்டாரைக் கூட்டி வைத்துச் சொன்னது ஒன்றுதான்: “வெளியில ஒரு வார்த்தை போகப்படாது. இன்னொண்ணு கெடைக்கற வரைக்கும் வீட்லேர்ந்தே வேலைன்னு சொல்லுங்கோ.” அப்படியே சொன்னார்கள். மாடி வீட்டுக்காரர் கன்னடத்தில் மகன் வீட்டிலேயே இருக்கிறாரே என்று விசாரித்தபோது அப்படியே சொன்னார்கள். பாத்திரம் தேய்க்க வருபவளிடமும் அப்படியே. ஷ்ரேயாஸ் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு அறைக்குள் போய் உட்கார்வான். ஜன்னல் வழியாகத் தெருவுக்குத் தெரியும்படி மேஜையைத் திருப்பிப் போட்டவரும் பத்ரிநாத்தான்.

அனன்யாவும் தன் அப்பா அம்மாவிடம் அதையே சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயநகர் போனபோது நாணு, பக்கத்து ஃபிளாட் பையன் அபினவுக்கு ஷ்ரேயாஸின் ஆபீஸிலேயே ஏதாவது பார்க்க முடியுமா என்று கேட்டார். “ரெஸ்யூமே அனுப்பச் சொல்லுங்கோ, ஹெச்.ஆர்.ல குடுக்கறேன்,” என்று ஷ்ரேயாஸ் கொஞ்சமும் தயங்காமல் சொன்னான். அபினவின் அம்மா ஒரு டப்பா நிறையத் தேங்குழல் கொடுத்தனுப்பினாள். மெட்ரோவில் திரும்பும்போது அனன்யா அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமனாரைக் கேட்டாள்.

“அப்பா, இன்னும் எத்தனை பேர்கிட்ட நான் பொய் சொல்லணும்?”

“பொய் இல்லைம்மா. சொல்லாம இருக்கறது. இந்தாத்து விஷயம் இந்தாத்துக்குள்ளயே இருக்கணும்.”

“எங்கப்பாவும் வெளியாளா?”

பத்ரிநாத் யோசித்தார். யோசித்துத்தான் சொன்னார்.

“இப்போதைக்கு.”

அந்த வாரமே, அம்மாவுக்கு முழங்கால் வலி, கூட இருக்க வேண்டும் என்று அவள் கிளம்பிப் போனாள். ஷ்ரேயாஸ் கூப்பிட்டால் எடுக்கிறாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், தூங்கினாயா, தூங்கினேன். எப்போது வருகிறாய் என்று அவன் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதை வைத்துத்தான் அவன் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தான் என்பது பத்ரிநாத்துக்கு அந்தச் சனிக்கிழமை வரை தெரியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு எச்சில் துடைத்த ஈரம் காயாத மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவும் மகனும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

“ரெண்டு தினுசு இருக்குப்பா. பெர்சனல், ஒருத்தருக்கு. ஃபேமிலி, ஆறு பேர் வரைக்கும்.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? இருந்ததையே திரும்பப் போடு.”

“எனக்குப் பெர்சனல் போதும்.”

“உன்னை யார் கேட்டா? ஜெயநகர்ல ரெண்டு பேர் வெளியில நிக்கறா.”

ஷ்ரேயாஸ் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். ஒரு கம்பெனி, வேலைக்கு எடுக்குமுன் செய்து காட்டச் சொல்லி ஒரு பெரிய கணக்கு கொடுத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். மென்பொருளோடு வருகிற செயற்கை அறிவு உதவியாளனை வைத்துச் செய்யத் தெரிகிறதா என்பதும் அதில் ஒரு சோதனை. ஆனால் ஃபேமிலி சந்தாவில் அந்த உதவியாளன் குடும்பத் தலைவருக்கு மட்டும்தான்.

“அதாவது?”

“அதாவது அது உங்களுக்கு மட்டும்தான் பேசும். எனக்கோ அம்மாவுக்கோ அனன்யாவுக்கோ பேசாது. பெர்சனல்னா எனக்கே எனக்கு.”

பத்ரிநாத்துக்கு அந்த ஏற்பாடு நியாயமாகவே பட்டது. “தலைவன்னு ஒருத்தன் இருக்கணுமோல்லியோ,” என்றார்.

“அதை ஒரு தடவையாவது தொட்டிருக்கேளா?”

“தொடாட்டா என்ன? இருக்கட்டும்.”

“வெள்ளிக் கூஜா மாதிரி,” என்றாள் பாமா சமையலறையிலிருந்து.

“நீ சும்மா இரு. டேய், அவ்வளவுதானே? என் பேர்லயே தொறந்து வேலை பண்ணு. நான் குறுக்க வரலை.”

“போன தடவை அப்படித்தான் பண்ணினேன்.”

“எப்போ?”

“நவராத்திரி சமயம். வேற ஒரு கம்பெனி. உங்க லாகின்ல செஞ்சு அனுப்பினேன். எழுதினவர் பேருன்னு அந்த ஃபைல்லயே பதிவாயிடும், நான் கவனிக்கலை. வீடியோவுல இன்டர்வியூ. அந்தப் பொண்ணு முதல்ல கேட்டதே, பத்ரிநாத்ங்கறது யார்னு. எங்கப்பான்னேன்.” ஷ்ரேயாஸ் லேசாகச் சிரிக்கப் பார்த்தான். “அவ சிரிச்சிருந்தாக்கூடத் தேவலை. உங்கப்பா ரொம்ப நன்னா பண்ணியிருக்கார்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் அங்கேர்ந்து ஒண்ணும் வரலை.”

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னா என்ன சொல்லுவேள்? வெளியில சொல்லாதேம்பேள்.”

பத்ரிநாத் எழுந்து மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வயது மகன், அப்பாவிடம் வீட்டுப்பாடம் செய்யக் கொடுத்த பையன் போல ஒரு முன்பின் தெரியாத பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை அவர் கண்ணெதிரே பார்த்தார். தன் பெயர் எங்கெல்லாம் மரியாதை வாங்கித் தந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அது தன் மகனை இப்படி ஓர் இடத்தில் காலை வாரியிருக்கும் என்று நினைத்ததே இல்லை.

“சரி, ரெண்டையும் வாங்கிடு. உனக்கு ஒண்ணு தனியா. மத்தவாளுக்கு என் பேர்ல ஃபேமிலி.”

“மத்தவாளுக்கு இப்ப வேண்டாம்பா.”

“ஏன்?”

“கெடு தாண்டினதுல பழைய பட்டியல் கலைஞ்சுடுத்து. புதுசா வாங்கினா எல்லாருக்கும் திரும்ப அழைப்பு அனுப்பணும். அவா அவா சம்மதம் குடுத்தாத்தான் உள்ள வருவா.”

“அனுப்பேன். சம்மதிக்காம என்ன?”

ஷ்ரேயாஸ் திரையைப் பார்த்தபடியே இருந்தான். பேசியபோது குரல் அவனுடையதாக இல்லை.

“அனன்யா சம்மதிக்கலைன்னா? இப்ப ஏதோ நாம மறந்துபோய் விட்டுப்போச்சுன்னு இருக்கு. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். கூப்பிட்டு அவ வரலைன்னா, அப்புறம் அதுதான் பதில்னு ஆயிடும். எனக்கு அந்தப் பதில் வேண்டாம்பா. இந்த வேலை கெடைக்கட்டும். கெடைச்சதும் நானே போய்க் கூப்பிடறேன். அதுவரைக்கும் யாரும் அவளை ஒண்ணும் கேக்காதேங்கோ.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

பத்ரிநாத் கைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். யார் யாருக்கு அழைப்பு அனுப்புவது என்பது இருக்கட்டும், சம்பந்திக்கு ஒரு விளக்கம் உடனே போயாக வேண்டும். எதிர் வீட்டுத் தொட்டிச் செடிகளைப் பார்த்தபடி வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கினார். புதுப்பிப்பதில் ஏற்பட்ட தாமதம். உள்நோக்கம் எதுவும் இல்லை. விரைவில் சரிசெய்யப்படும். மூன்றையும் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு நாணுவின் எண்ணை அழுத்தினார்.

மூன்றையும் சொல்லி முடிக்கக்கூட நாணு விடவில்லை. “அடடா, நீங்க எதுக்கு பத்ரி சார் இதுக்கெல்லாம்? மெஷின்தானே. நான் ஏதோ அவசரப்பட்டுக் கேட்டுட்டேன்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கூப்பிட்டதும் நல்லதாப் போச்சு. ஒரு விஷயம். நம்ம அபினவ் ரெஸ்யூமே குடுத்தானே, அதை விட்டுடச் சொல்லுங்கோ மாப்பிள்ளைகிட்ட. அவர் சிரமப்பட வேண்டாம்,” என்றார்.

“அப்பவே ஹெச்.ஆர்.ல குடுத்துட்டானே, நாணு சார். அவா கூப்பிட நாளாகும்.”

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு எதிர்முனையில் விழுந்த மௌனத்தை வைத்துத்தான் ஏதோ தவறிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

“அபினவ் நேராவே அந்த ஆபீஸுக்குப் போயிட்டான், சார்,” என்றார் நாணு மெதுவாக. “ரிசப்ஷன்ல மாப்பிள்ளை பேரைச் சொல்லிக் கேட்டிருக்கான். அவா சொல்லியிருக்கா.”

என்ன சொன்னார்கள் என்று நாணு சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. பத்ரிநாத் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எப்போ?”

“அனன்யா இங்க வந்த புதுசுல.”

“அவகிட்ட... கேட்டேளா?”

“கேட்டேன். பெத்தவனாச்சே. உக்கார வச்சு, நிஜத்தைச் சொல்லும்மான்னு கேட்டேன். என் மூஞ்சியைப் பாத்து, அவர் வேற டிபார்ட்மெண்ட்டுக்கு மாறியிருக்கார்ப்பா, கீழ இருக்கறவாளுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னா. கண்ணை எடுக்காம சொன்னா. சின்ன வயசுலேர்ந்து எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லை அந்தப் பொண்ணு. நானும், அப்படியாம்மா, சரின்னுட்டேன்.” நாணு தொண்டையைச் செருமிக்கொண்டார். “நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதேங்கோ. அபினவ்கிட்டயும் அவன் அம்மாகிட்டயும் நானும் அதையேதான் சொல்லியிருக்கேன். டிபார்ட்மெண்ட் மாறிட்டார்னு. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது.”

கீழே தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரன் அவரைக்காய் விற்றுக்கொண்டு போனான். அந்த மனிதரை அல்லவா அவர் வெளியாள் என்றார். இப்போதைக்கு என்று ஒரு சலுகை வேறு கொடுத்தார். அந்த வெளியாள் இன்று இந்த வீட்டின் கௌரவத்துக்காக அண்டை வீட்டாரிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் மகள் பெற்றவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டைவிட்டுப் போன பிறகும் இந்த வீட்டின் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறாள். அவளுக்கு இந்த வீடு அனுப்பிய பதில், அந்த மஞ்சள் பட்டை. காலையில் அதைப் படித்துவிட்டுத்தான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

“அவ பக்கத்துலதான் இருக்கா. போனைக் குடுக்கட்டுமா?”

அரசாங்கத்தில் எத்தனையோ மந்திரிகளிடம் நேருக்கு நேர் மறுத்துப் பேசியவர் பத்ரிநாத். இப்போது அவர் கைபேசியை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“வேண்டாம், நாணு சார். நான் பேசப்படாது. அவன் பேசட்டும்.”

அவர் உள்ளே வந்தபோது ஷ்ரேயாஸ் பெர்சனல் என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அட்டை விவரங்களை நிரப்பிக்கொண்டிருந்தான். பத்ரிநாத் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் உட்காருவதுதான் அவர் வழக்கம்.

“நாணுவுக்குத் தெரியும்டா. ரொம்ப நாளாவே.”

ஷ்ரேயாஸின் கை நின்றது. “சொல்லிட்டாளா?”

“இல்லை. அவரே கண்டுபிடிச்சு, அவளை உக்கார வச்சுக் கேட்டிருக்கார். அப்பவும் சொல்லலை. நீ டிபார்ட்மெண்ட் மாறியிருக்கேன்னு சொல்லியிருக்கா.”

ஷ்ரேயாஸ் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் மட்டும் அசைந்தன. பாமா வந்து அவன் முதுகில் கை வைத்தாள். பத்ரிநாத் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை அழும்போது பார்க்கக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு உண்டு. அதுவும் ஒரு மரியாதை.

“அந்தப் பெர்சனலை எடுத்துடு,” என்றார், அவன் முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகு. “ஃபேமிலியே போடு. ஆனா என் பேர்ல வேண்டாம். உன் பேர்ல.”

“அப்பா?”

“நீயே தலைவனா இரு. அந்த உதவியாளன் உனக்கே பேசட்டும். நாங்கள்லாம் கீழ வர்றோம். நாலு பேருக்கும் நீ அழைப்பு அனுப்பு.”

“அவளுக்குமா?”

“அவளுக்குத்தான் முக்கியமா. நான் கூப்பிட்டா அது உத்தரவு மாதிரி இருக்கும். எனக்கு இனிமே அவளுக்கு உத்தரவு போட யோக்யதை இல்லை. நீ கூப்பிடு.”

ஷ்ரேயாஸ் அம்மாவைப் பார்த்தான். பாமா தன் கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தெருவில் எதிர்பாராமல் யாரோ பழகியவரைப் பார்த்துவிட்டது போல.

வாங்குவதில் பெரிய சடங்கு எதுவும் இருக்கவில்லை. ஷ்ரேயாஸின் பெயர் மேலே வந்தது. கீழே ஆட்களைச் சேர்க்கும் கட்டம். முதலில் அப்பாவின் முகவரியை அடித்தான். பத்ரிநாத்தின் கைபேசி சட்டைப் பையில் ஒரு முறை அதிர்ந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஷ்ரேயாஸ் தன் குடும்பத்தில் சேரும்படி உங்களை அழைக்கிறார் என்ற ஆங்கில வாக்கியத்தை ஒரு கோப்பைப் படிப்பது போல நிதானமாக, கடைசி எழுத்து வரை படித்தார். தன் கீழ் இருந்தவன் மேலே போய் உட்கார்ந்து, வருகிறாயா என்று கேட்கிறான். கட்டைவிரலால் அழுத்தினார். உறுப்பினர் ஆனார்.

“நான் எப்பவோ வந்தாச்சு இந்தாத்துக்கு. இனிமே புதுசா என்னத்தைச் சேர்றது,” என்று முணுமுணுத்துக்கொண்டே பாமாவும் தன் கைபேசியில் அழுத்தினாள்.

நாணுவுக்கு அனுப்பியதும் கிட்டத்தட்ட உடனேயே அவர் பெயரும் பட்டியலில் ஏறியது. கைபேசியை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது.

அடுத்தது அனன்யா. ஷ்ரேயாஸ் அவள் முகவரியை அடித்துவிட்டு, அனுப்பும் பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினான்.

“வேண்டாம்னுட்டா என்னப்பா பண்ணுவேன்?”

அந்த வீட்டில் பத்ரிநாத்திடம் கேட்கப்பட்ட எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் இருந்ததில்லை. சரியோ தப்போ, ஒரு பதில் இருக்கும்.

“எனக்குத் தெரியலைடா,” என்றார்.

ஷ்ரேயாஸ் அழுத்தினான்.

அவள் பெயருக்கு எதிரே, அழைப்பு அனுப்பப்பட்டது என்று சாம்பல் நிறத்தில் எழுத்து வந்தது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வெயில் சரிந்து, பால்கனிக் கம்பிகளின் நிழல் கூடத்துக்குள் நீண்டு வந்தது. பாமா காபி போடுகிறேன் என்று எழுந்து போனாள். ஆனால் அடுப்பு பற்றவைக்கும் சத்தம் வரவில்லை. ஷ்ரேயாஸ் முதலில் கைபேசியைப் பார்த்தான், பிறகு திரையை, மறுபடி கைபேசியை. மாலை விளக்கு போடும் நேரமானபோது, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று அவனும் எழுந்தான். குழாயைத் திறந்தவன் வெகுநேரம் மூடவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்ரிநாத் தனியாக உட்கார்ந்திருந்தார். யாரும் தொடாமல் விட்டதால் மடிக்கணினியின் திரை மெல்ல மங்கத் தொடங்கியது. பெயர்கள் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போவது போலத் தோன்றியது. அவர் பதறிப்போய்க் குளியலறைப் பக்கம் திரும்பி “டேய்” என்று கூப்பிட வாயெடுத்தார், கூப்பிடவில்லை. எதையாவது தப்பாக அழுத்திவிடுவோமோ என்ற பயத்தோடு ஒற்றை விரலை நீட்டி, விசைகளுக்குக் கீழே இருந்த வழுவழுப்பான இடத்தைத் தொட்டார். வெளிச்சம் வந்தது. சாம்பல் எழுத்து அப்படியே இருந்தது. அவர் விரலை எடுக்காமல், உறங்கும் குழந்தையின் மேல் வைத்திருப்பது போல, அங்கேயே வைத்துக்கொண்டிருந்தார்.